தேயிலைச் சாறு பிடிபி1பி நொதியத்தை மறித்தால் அது சீனி வியாதிக்கு மருந்தாகுமா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. இறுதியாண்டு ஆய்வுக்காகத் தோட்டத்துக் கொழுந்தைக் கொதிக்கவைத்து வடித்து, அந்தச் சாற்றை பிடிபி1பி என்ற பொஸ்பற்றேஸ் நொதியத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். நொதியம் வேலை செய்தால் வரவேண்டிய மஞ்சள் நிறம் பெரும்பாலும் வரவில்லை. ஆகவே தேயிலையில் பிடிபி1பி நிரோதி, அதாவது அந்த நொதியத்தை மறிக்கும் பொருள், இருக்கிறது, அது இன்சுலினுக்குக் கைகொடுக்கும் என்று எழுதலாமா என்கிறார். வீட்டில் அம்மாவுக்குச் சீனி வியாதி, பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா என்பது அடுத்தது. குழாயில் இத்தனை நிரோதிகள் அகப்படும்போது மருந்துக்கடையில் ஒன்றையும் காணோமே, ஏன் என்பது மூன்றாவது.

அம்மாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குளிசை வேண்டாம் தம்பி. பச்சைத் தேயிலைச் சாற்றைச் செறிவாக்கிச் செய்யும் குளிசைகளில் ஈஜிசிஜி என்ற கட்டெச்சின் மிக அதிகம். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இப்படிக் குளிசையாக எடுத்தவர்களிடம் ஈரல் நொதியங்கள் குருதியில் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எடுத்துக்காட்டியிருக்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மினை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். தேத்தண்ணி குடிக்கட்டும், தாராளமாகக் குடிக்கட்டும், சீனி இல்லாமல். காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து எடுப்பவர்கள் நாலைந்து தடவை சாயத்தண்ணி குடிப்பது வழக்கம். ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு கரண்டி சீனி சேர்ந்தால் நாள் முடிவில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். அந்தச் சீனியைக் குறைப்பதில் கிடைக்கும் நன்மைக்குப் பக்கத்தில் கூட கட்டெச்சின் போன்ற எந்தப் பொலிபீனோலும் வராது.

இனி நொதியத்துக்கு வருவோம்.

இன்சுலின் கலத்தின் வெளியே நிற்கும் வாங்கி என்ற புரதத்தில் ஒட்டியதும், அந்த வாங்கியின் உட்பக்கத்தில் இருக்கும் தைரோசின் என்ற அமினோவமிலங்களில் பொஸ்பேற்று ஏறுகிறது. ஏற்றுபவை கைனேஸ்கள், இறக்குபவை பொஸ்பற்றேஸ்கள். இன்சுலின் வாங்கியிலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றுவதில் முக்கியமான ஒன்று பிடிபி1பி. தோட்டத்துப் பீலியின் கீழே ஒரு தொட்டி இருக்கிறது, அடியில் ஒரு வாய்க்கால் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீலியில் வரும் தண்ணீரைக் கூட்டாமலேயே வாய்க்காலை அடைத்தால் மட்டம் ஏறும். பொஸ்பற்றேஸை மறித்தால் நடப்பதும் அதுதான். இன்சுலின் குறைவாக இருந்தாலும், அல்லது கலம் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காவிட்டாலும், கிடைக்கும் சமிக்ஞை கொஞ்சம் நீண்டநேரம் நிற்கும்.

1988இல் இந்த நொதியத்தை முதலில் தூய்மைப்படுத்திப் பிரித்தவர் நிக்கொலஸ் டொங்ஸ், எட்மண்ட் ஃபிஷரின் ஆய்வுகூடத்தில். பொஸ்பேற்று ஏற்றி இறக்கும் இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நொபெல் பரிசு கிடைத்தது. 1999இல் பிடிபி1பி மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை நன்றாக வாழ்ந்தன, இன்சுலினுக்கு நன்றாகப் பதிலளித்தன, கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்தும் மற்ற எலிகளைப் போல் உடல் பருக்கவில்லை. இதைவிட அழகான அழைப்பு மருந்துக் கம்பனிகளுக்கு வேண்டுமா? எல்லோரும் இறங்கினார்கள். இன்றுவரை நீரிழிவுக்கென்று ஒரு பிடிபி1பி நிரோதியும் கடைக்கு வரவில்லை.

காரணம் அந்த நொதியம் வேலை செய்யும் இடத்தில், அதன் உயிர்ப்பு மையத்தில் இருக்கிறது. சுமார் ஒன்பது அங்ஸ்ட்ரோம் ஆழமுள்ள ஒரு குழி. அடியில் 215ஆம் இடத்து அமினோவமிலமான சிஸ்டீன், பக்கத்தில் 221ஆம் இடத்து ஆர்ஜினின். சுற்றிலும் நேர் ஏற்றம், ஏனென்றால் அங்கே வந்து உட்கார வேண்டியது இரண்டு எதிர் ஏற்றம் கொண்ட பொஸ்பேற்று. அந்தக் குழியில் பலமாக ஒட்டும் மூலக்கூறு வேண்டுமென்றால் அதுவும் எதிர் ஏற்றத்தோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கலமென்சவ்வைக் கடந்து உள்ளே போகாது, குடலிலும் சரியாக உறிஞ்சப்படாது. ஏற்றத்தைக் குறைத்தால் உள்ளே போகும், ஆனால் ஒட்டாது. இந்த இழுபறியில் பல நல்ல வேதியியலாளர்களின் பல ஆண்டுகள் போயின. போதாக்குறைக்கு, பிடிபிஎன்2 என்ற உறவுக்கார நொதியத்தின் உயிர்ப்பு மையம் இதைப் போலவே இருக்கிறது. அது இல்லாத எலிக் குஞ்சுகள் பிறந்து சில வாரங்களில் அழற்சி கண்டு செத்துப்போகின்றன. ஒன்றை மறித்து மற்றதை விட்டுவிடுவது எளிதல்ல.

சரி, உங்கள் கொழுந்துச் சாறு அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

நீங்கள் பயன்படுத்தியது பரா-நைத்திரோபீனைல் பொஸ்பேற்று. நிறமில்லாத சேர்வை. பொஸ்பற்றேஸ் அதிலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றினால் மீதியாகும் நைத்திரோபீனோல் கார ஊடகத்தில் மஞ்சளாகும், 405 நனோமீற்றரில் அளக்கிறோம். வழக்கமாக சோடியம் ஐதரொட்சைட்டு விட்டுத் தாக்கத்தை நிறுத்துவோம். இப்போது சோதனைத் தட்டின் சிறு குழிகளான அந்தக் கிணறுகளைக் கண்ணால் பாருங்கள். தேயிலைச் சாறு உள்ள கிணறு காரம் பட்டதும் கபிலமாகக் கறுக்கும். கட்டெச்சின்கள் காரத்தில் மளமளவென்று ஒட்சியேறுபவை. அந்தக் கபில நிறமும் 405இல் ஒளியை உறிஞ்சும். எதை வெறுமையாக வைத்து எதைக் கழித்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் நிரோத வீதம் மேலேயும் போகும், கீழேயும் போகும். ஆகவே சாறும் தாங்கற் கரைசலும் காரமும் சேர்ந்த, நொதியம் மட்டும் இல்லாத கிணறு ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியாக வேண்டும். தட்டுக்கு ஒன்று போதாது.

நிறச் சிக்கல் சின்னது. பெரிய சிக்கல் ஐதரசன் பேரொட்சைட்டு. ஈஜிசிஜியை நடுநிலைத் தாங்கற் கரைசலில் விட்டு வைத்தாலே அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுற்றுப் பேரொட்சைட்டை உண்டாக்குகிறது. பிடிபி1பியின் 215ஆம் சிஸ்டீனோ சாதாரண சிஸ்டீன் அல்ல. அதன் அமிலத்தன்மை வழக்கத்தைவிடக் கூடியது, உடலின் பிஎச்சில் அது எதிர் ஏற்றத்தோடு நிற்கும், பேரொட்சைட்டைக் கண்டால் உடனே ஒட்சியேறும். ஒட்சியேறிய நொதியம் வேலை செய்யாது. உடலே இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. இன்சுலின் வந்ததும் கலம் கொஞ்சம் பேரொட்சைட்டைச் சுரந்து பிடிபி1பியைத் தற்காலிகமாக அடக்கி, பிறகு மறுபடி உயிர்ப்பிக்கிறது. ஆனால் உங்கள் குழாயில் அந்த அளவும் நேரமும் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. மஞ்சள் வராததற்குத் தேயிலை மூலக்கூறு நொதியத்தைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று சொல்லவே முடியாது. அது உண்டாக்கிய பேரொட்சைட்டு நொதியத்தைக் கெடுத்திருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. சாயத்தண்ணியை வாயில் வைத்ததும் வரும் துவர்ப்பு, பொலிபீனோல்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டுவதால் வருவது. வாயில் அதைச் செய்பவை குழாயிலும் செய்யும். எந்தப் புரதமாக இருந்தாலும், செறிவு போதுமென்றால், கூட்டிப் பிடித்து முடக்கிவிடும். அது குறிப்பிட்ட ஒரு நொதியத்தின் நிரோதி ஆகாது.

இவ்வளவையும் தாண்டி ஒட்டியது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பை தேநீர் குடித்த பிறகு குருதியில் ஈஜிசிஜி ஒரு மைக்ரோமோலாரை எட்டுவதே அபூர்வம். குழாயில் நீங்கள் விட்ட செறிவு அதைவிடப் பல மடங்கு என்பதை உங்கள் குறிப்பேட்டைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் நம் ஊரில் குடிப்பது கறுப்புத் தேயிலை. கொழுந்தில், அந்த இரண்டு இலையும் ஓர் அரும்பும் சேர்ந்ததில், கட்டெச்சின்கள் நிறைய உண்டு, உண்மை. ஆனால் பெக்டரியில் வாட்டி, உருட்டி, காற்றில் சிவக்க விடும்போது இலையின் சொந்த நொதியமே அவற்றை ஒட்சியேற்றித் தியாஃப்ளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாற்றிவிடுகிறது. அந்தச் செந்நிறமும் மணமும் வருவதே இதனால்தான். பச்சைக் கொழுந்துச் சாற்றில் கண்டதை வீட்டுச் சாயத்தண்ணிக்குப் பொருத்திச் சொல்ல முடியாது.

உயிர்ப்பு மையத்தையே நேரடியாக அடைக்கும் மூலக்கூறுகள் இயற்கையில் இல்லாமல் இல்லை. பொஸ்பற்றேஸ்களில் இன்னொரு பெரிய கூட்டம் செரினிலும் திரியோனினிலும் இருக்கும் பொஸ்பேற்றைக் கழற்றுவது. பிபி1, பிபி2ஏ இரண்டும் அதில் முதன்மையானவை, கலத்துக்குள் அந்த வேலையின் பெரும்பகுதியை இவைதான் பார்க்கின்றன. இவற்றின் மையத்தில் சிஸ்டீன் கிடையாது, இரண்டு உலோக அயன்கள் இருக்கின்றன. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து 1981இல் பிரித்தெடுத்த ஒக்கடாயிக் அமிலம் இவற்றை நனோமோலார் அளவிலேயே மறிக்கும். அந்த அமிலம் சேர்ந்த சிப்பிகளைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றோட்டம். கொப்புள வண்டின் கந்தாரிடின் தோலில் பட்டால் கொப்புளம். அதையும் மிகச் சிறிய அளவில், மேற்பூச்சாக, தோலில் வரும் ஒருவகை வைரஸ் பருக்களுக்கு 2023இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள். மேற்பூச்சு என்பதால்தான் முடிந்தது.

நமக்கு நெருக்கமானது மைக்ரோசிஸ்டின். 1999 மே மாதம் கண்டி ஏரி பச்சைப் பாசி போல் படர்ந்து நாறியது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அது பாசியல்ல, மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பக்டீரியா. அந்த இனம் உண்டாக்கும் நஞ்சுதான் மைக்ரோசிஸ்டின். அமினோவமிலங்கள் ஏழு சேர்ந்த வளையம். ஈரற் கலங்களில் உள்ள காவிப் புரதங்கள் அதை உள்ளே எடுத்துவிடுகின்றன, உள்ளே போனதும் பிபி1, பிபி2ஏ இரண்டின் உயிர்ப்பு மையத்தையும் அடைத்து, பிறகு பக்கத்திலுள்ள ஒரு சிஸ்டீனோடு நிரந்தரப் பிணைப்பும் போட்டுக்கொள்கிறது. பொஸ்பேற்று ஏறிக்கொண்டே போகும், இறங்க வழியில்லை. கலத்தின் எலும்புக்கூடான இழைகள் குலைந்து ஈரல் உள்ளுக்குள்ளேயே குருதியைக் கொட்டும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்த நஞ்சு கலந்த நீரைக் கொண்டு சிறுநீரக நோயாளிகளுக்கு டயலிசிஸ் செய்ததில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடிநீரில் லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். கொதிக்க வைத்தால் இது அழியாது. கலங்கள் வெடித்து இன்னும் கொஞ்சம் நஞ்சு நீரில் சேரத்தான் செய்யும். நீர்த்தேக்கத்து ஓரத்தில் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் படலம் மிதந்தால் அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

குழாயில் வைத்துப் பார்த்தால் மைக்ரோசிஸ்டின் அற்புதமான நிரோதி. உங்கள் தேயிலைச் சாற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது, குறிவைத்து அடிப்பது, ஒட்சியேற்றக் குழப்பமும் இல்லை. வலுவாக மறிப்பது மட்டுமே மருந்தின் இலக்கணம் என்றால் அது முதல் பரிசு வாங்கியிருக்கும். ஆனால் பிபி1க்கு கலத்தில் இருநூறு வரை துணைப் புரதங்கள் உண்டு. எந்தத் துணையோடு சேர்கிறதோ அதற்கேற்ற வேலைக்குப் போகும். மையத்தை அடைத்தால் அத்தனை வேலையும் ஒரேயடியாக நின்றுவிடும். இப்படி நின்றால் கலம் பிழைக்காது.

ஆக, மருந்துக்கடையில் ஒன்றையும் காணோம் என்று கேட்டீர்கள் அல்லவா? இருக்கிறது தம்பி, பல ஆண்டுகளாக இருக்கிறது. கண்டியிலோ கொழும்பிலோ சிறுநீரக மாற்றுச் செய்துகொண்ட ஒருவரைக் கேளுங்கள், காலையும் இரவும் தவறாமல் விழுங்கும் டக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் பற்றிச் சொல்வார். இரண்டும் கல்சினியூரின் என்ற பொஸ்பற்றேஸின் நிரோதிகள். நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் வெண்குருதிக் கலங்களான டீ கலங்கள் தூண்டப்படும்போது கல்சினியூரின் என்ஃபட் என்ற புரதத்திலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றும், என்ஃபட் கலத்தின் கருவுக்குள் போய் நோய் எதிர்ப்பைக் கிளப்பும் மரபணுக்களை எழுப்பும். அதை மறித்தால் மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருக்கும். சைக்ளோஸ்போரின் நோர்வே மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து வந்தது, டக்ரோலிமஸ் ஜப்பானில் சுக்குபா மலையடிவார மண்ணிலிருந்த பக்டீரியாவிலிருந்து. இரண்டும் கல்சினியூரினைத்தான் குறிவைக்கின்றன என்று தெரிந்ததே 1991இல்தான். அதற்கு முன்பே சைக்ளோஸ்போரின் நோயாளிகளைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டது.

இதில் உங்கள் ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது. டக்ரோலிமஸ் தனியாகக் கல்சினியூரினில் ஒட்டாது. கலத்திலுள்ள எஃப்கேபிபி12 என்ற புரதத்தோடு சேர்ந்து, அந்தச் சோடி கல்சினியூரினின் உயிர்ப்பு மையத்துக்குச் சற்றுத் தள்ளி உட்காருகிறது. பெரிய புரதமான என்ஃபட் மையத்தை நெருங்க முடியாமல் போகிறது. குட்டி மூலக்கூறான பரா-நைத்திரோபீனைல் பொஸ்பேற்றுக்கோ வழி திறந்தே கிடக்கிறது. நீங்கள் செய்த அதே மஞ்சள் நிறச் சோதனையில் டக்ரோலிமஸ் சோடியைப் போட்டால் நிறம் குறையாது, கூடக்கூடச் செய்யும். இதுவரை வந்த பொஸ்பற்றேஸ் மருந்துகளில் மிகப் பெரியது, உங்கள் சோதனையில் தோற்றுப்போகும்.

எஸ்எச்பி2 என்ற தைரோசின் பொஸ்பற்றேஸின் கதையும் அதே பாதையில் போகிறது. சில புற்றுநோய்களில் அது தேவைக்கு மேல் வேலை செய்கிறது. 2016இல் நொவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் எஸ்எச்பி099 என்ற மூலக்கூறை வெளியிட்டார்கள். அது உயிர்ப்பு மையத்தைத் தொடுவதே இல்லை. நொதியத்தின் மூன்று பகுதிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சுரங்கம் போன்ற இடைவெளியில் நுழைந்து, நொதியம் தன்னைத்தானே மூடிக்கொண்ட நிலையில் ஒட்டிவைத்துவிடுகிறது. முழு நீளப் புரதத்தில் தேடியதால் அகப்பட்டது. உயிர்ப்புப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது, அந்தத் துண்டை எஸ்எச்பி099 ஒன்றும் செய்வதில்லை. பிடிபி1பியிலும் டொங்ஸின் குழு, சுறாவிலிருந்து கிடைத்த ட்ரோடஸ்குவெமின் என்ற சேர்வை நொதியத்தின் வால்பகுதியைப் பிடிப்பதைக் காட்டியது. நீங்கள் வாங்கிய பிடிபி1பி, கம்பனிகள் பெரும்பாலும் விற்கும் வாலறுத்த துண்டுதானா என்று குப்பியின் தாளைப் பாருங்கள். உயிர்ப்பு மைய வழி முற்றாக அடைபட்டுவிட்டது என்றும் சொல்லமாட்டேன். பிடிபிஎன்2, பிடிபி1பி இரண்டையும் சேர்த்தே மறிக்கும் ஏபிபிவி-சிஎல்எஸ்-484 என்ற வாய்வழி மூலக்கூறு 2023இல் வெளியானது. அதன் நோக்கம் நீரிழிவு அல்ல, புற்றுநோய்க்கெதிராக நோய் எதிர்ப்பைத் தூண்டுவது. எலிகளில் நன்றாக வேலை செய்து, மனிதர்களில் பரிசோதனைக்குப் போயிருக்கிறது.

இனி உங்கள் ஆய்வை என்ன செய்யலாம்? தூக்கி எறிய வேண்டாம். தலைப்பைத் திருப்புங்கள். தேயிலைப் பொலிபீனோல்கள் பொஸ்பற்றேஸ் சோதனையை எப்படிக் குழப்புகின்றன என்று எழுதினால் அது உண்மையான, பிறருக்கு உதவும் வேலை. தேயிலையோடு வாழும் நம் பிள்ளைகள் அதைச் செய்வதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷமும் உண்டு. ஒவ்வொரு செறிவையும் கற்றலேஸ் நொதியத்தோடும் அது இல்லாமலும் செய்து பாருங்கள். கற்றலேஸ் பேரொட்சைட்டை உடைத்துவிடும், அது சேர்ந்ததும் நிரோதம் மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ட்ரைற்றன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரச் சேர்வையை 0.01 வீதம் சேர்த்து இன்னொரு வரிசை வையுங்கள், திரட்டிப் பிடிப்பதால் வந்த நிரோதம் அங்கே தளரும். சாற்றோடு நொதியத்தைச் செறிவாக ஊறவைத்து, பிறகு நூறு மடங்கு ஐதாக்கி அளந்தால், நொதியம் மீள்கிறதா அல்லது ஒரேயடியாகக் கெட்டுவிட்டதா என்று தெரியும். அதே மஞ்சள் சோதனையை அல்கலைன் பொஸ்பற்றேஸிலும் செய்யுங்கள். அதன் மையத்தில் வேலை செய்வது செரின், சிஸ்டீன் அல்ல. இரண்டையும் சாறு ஒரே அளவில் முடக்கினால் அது பிடிபி1பிக்கென்று இருக்கும் நிரோதி அல்ல. டிடிடி என்ற ஒடுக்கும் சேர்வை பற்றியும் கவனம் வேண்டும். சிஸ்டீனைக் காக்க என்று எல்லோரும் அதை விடுகிறார்கள். ஆனால் குயினோன் வகைச் சேர்வைகளோடு சேர்ந்தால் அதுவே பேரொட்சைட்டு உண்டாகக் காரணமாகிவிடும், தேயிலைச் சாறு ஒட்சியேறினால் குயினோன்கள் வரும். ஒரு வரிசையில் டிடிடிக்குப் பதிலாகக் குளூட்டதயோனை விட்டு ஒப்பிடுங்கள்.

நேர்க் கட்டுப்பாடாக, அதாவது நிச்சயம் மறிக்கும் என்று தெரிந்த ஒப்பீடாக, சோடியம் ஓர்த்தோவனடேற்று வையுங்கள், பொஸ்பேற்றைப் போலவே உருவம் கொண்டு அந்தக் குழிக்குள் உண்மையிலேயே உட்காருவது அது. அலுமாரியிலிருந்து எடுத்துக் கரைத்தால் மட்டும் போதாது. பிஎச்சைப் பத்துக்குக் கொண்டுவந்தால் கரைசல் மஞ்சளாக இருக்கும், வனடேற்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிஎச்சை மறுபடி பார்த்து, மஞ்சள் திரும்பி வந்தால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். தெளிந்த நீர்போல் நின்ற பிறகுதான் பயன்படுத்தலாம். ஈடிடிஏ உள்ள தாங்கற் கரைசலில் அது வேலை செய்யாது, வனடேற்றை ஈடிடிஏ கவ்விக்கொள்ளும்.

இத்தனைக்கும் நேரமோ பணமோ போதாது, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கற்றலேஸை எடுங்கள். மிகச் சிறிதளவு போதும், விலையும் அதிகமில்லை. மேற்பார்வையாளரிடம் அந்த ஒரு வரிசையின் முடிவைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மற்றவற்றைக் கேளுங்கள்.